நாள் வாடகை வீடுகளும் சட்டமும்

குடியிருப்பதற்கென்று கட்டப்பட்ட ஒரு வீட்டையோ அதன் ஓர் அறையையோ, சில நாள்கள் மட்டும் தங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணிக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு விடுவது எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. மாத வாடகைக்குக் குடிவைப்பதற்கு வாடகைச் சட்டம் இருக்கிறது. லாட்ஜ் நடத்துவதற்கு உள்ளாட்சி உரிமம், தீயணைப்புச் சான்று, காவல்துறைக்குக் காட்ட வேண்டிய வருகைப் பதிவேடு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காட்டேஜ் என்றும், குடகிலும் வயநாட்டிலும் ஹோம்ஸ்டே என்றும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பீச் ஹவுஸ் என்றும் அழைக்கப்படும் வீடு, சொத்து வரி ரசீதில் குடியிருப்பாகவும் இணைய விளம்பரத்தில் விடுதியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்ற நாடுகள் இரவுகளை எண்ணியும், அறைகளை எண்ணியும், உரிமங்களை எண்ணியும் பார்த்துவிட்டன. அந்த அனுபவங்களை இந்தியச் சட்ட நிலையோடு வைத்துப் பார்க்கும்போது, சட்டம் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, அந்த வீட்டில் வீட்டுக்காரர் குடியிருக்கிறாரா என்பதே என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

சொத்துச் சட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ, பணமோ வேறு பிரதிபலனோ பெற்றுக்கொண்டு மாற்றிக் கொடுப்பதைக் குத்தகை என்கிறது. மாத வாடகைக்கு வீடு விடுவதும் சட்டத்தின் பார்வையில் இந்தக் குத்தகைதான். அதே ஆண்டின் வசதியுரிமைகள் சட்டம் 52ஆம் பிரிவில், சொத்தில் எந்தப் பாத்தியதையும் கொடுக்காமல், அனுமதி இல்லாவிட்டால் அத்துமீறல் ஆகிவிடக்கூடிய ஒரு காரியத்தைச் செய்துகொள்ள மட்டும் இடங்கொடுப்பதை உரிமம் என்கிறது. இந்த இரண்டாம் சட்டம் தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளுக்கு மட்டுமே பொருந்துமாறு இயற்றப்பட்டது. ஆகவே இன்று நாள் வாடகை வீடுகள் மலிந்திருக்கும் நீலகிரியும் கொடைக்கானலும் குடகும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அதன் எல்லைக்குள் இருப்பவை.

குத்தகைக்கும் உரிமத்துக்கும் இடையிலான கோட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் வரைந்தது. தில்லியின் ஓட்டல் ஒன்றில், வருவோர் மேலங்கி கழற்றி வைக்கும் அறைகளை எடுத்து முடிதிருத்தும் தொழில் நடத்தியவருக்கும் ஓட்டல் நிர்வாகத்துக்கும் இடையே எழுந்த வாடகைத் தகராறு அது. பத்திரத்துக்கு என்ன தலைப்பு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைவிட அதன் உள்ளடக்கம் முக்கியம் என்றும், இரு தரப்பாரின் உண்மையான எண்ணமே அளவுகோல் என்றும், தனிச் சுவாதீனம், அதாவது உரிமையாளரையும் வெளியே நிறுத்தும் அளவுக்கு இடத்தைத் தன் வசத்தில் வைத்திருக்கும் நிலை, ஒப்படைக்கப்பட்டிருந்தால் முதல்நோக்கில் அது குத்தகை என்றும், எனினும் சூழ்நிலைகள் வேறு முடிவுக்கும் இட்டுச் செல்லலாம் என்றும் அத்தீர்ப்பில் வகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்கில் தனிச் சுவாதீனத்துக்கு இன்னும் கூடுதலான எடை கொடுத்தது.

இந்த அளவுகோலை ஒரு காட்டேஜின் சாவியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் குடியிருந்து, மாடி அறையைப் பயணிக்குக் கொடுத்து, காலையில் தம் அடுக்களையிலிருந்தே இட்லி அனுப்புகிறார் என்றால், வாசற்கதவின் சாவி அவரிடமே இருக்கிறது, சுவாதீனம் கைமாறவில்லை, பயணி பெற்றது உரிமம் என்பதில் ஐயமில்லை. வீட்டுக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, காவலாளி ஒருவர் கேட்டருகே நின்று முழு வீட்டின் சாவிக்கொத்தையும் மூன்று நாளைக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்றால், சுவாதீனம் முழுமையாகவே கைமாறிவிடுகிறது. ஆயினும் தங்கிச் செல்வது மட்டுமே இரு தரப்பாரின் எண்ணமாதலால் அதையும் உரிமம் என்று கொள்வதே பொருத்தம். இந்த வகைப்பாட்டால் நடைமுறையில் விளையும் வேறுபாடு பெரியது. குத்தகையானால் அறிவிப்பு கொடுத்து, சட்டம் சொல்லும் வழியில்தான் வெளியேற்ற முடியும். உரிமமானால் காலம் முடிந்ததும் பயணியின் அனுமதி அற்றுப்போகிறது. இடையில் அனுமதி ரத்து செய்யப்பட்டாலும், பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் மட்டுமே வசதியுரிமைகள் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு.

வாடகைச் சட்டங்களும் இந்தப் பயணியைத் தம் எல்லைக்கு வெளியேதான் நிறுத்துகின்றன. மத்திய அமைச்சரவை 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வாடகை இடம் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது ஓட்டல், தங்கும் விடுதி, தரும சத்திரம் போன்றவற்றை விலக்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் சட்டம், எழுத்துமூல ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வெள்ளி மாலை வந்து ஞாயிறு நண்பகல் புறப்படும் குடும்பத்தை மனத்தில் வைத்து அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்பது படித்த மாத்திரத்தில் தெரியும்.

அப்படியானால் இந்த வீடு விடுதிச் சட்டத்தின் பிள்ளையாக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்தச் சட்ட மரபு பழையது. வட இந்திய மாகாணங்களுக்காக 1867இல் இயற்றப்பட்ட சராய்கள் சட்டம், வழிப்போக்கர் தங்கும் கட்டடம் எதுவாயினும் அதை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிய வேண்டும் என்றது. அச்சட்டம் சராய்க்காரர்மீது சுமத்திய கடமைகளின் பட்டியல் இன்றும் படிக்கத் தக்கது: தொற்றுநோய் கண்டவரைப் பற்றித் தகவல் தர வேண்டும், அறைகளையும் தாழ்வாரங்களையும் கிணற்றையும் சாக்கடையையும் துப்புரவாக வைக்க வேண்டும், திருடர் ஏறி இறங்க உதவும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும், காவலாள் வைக்க வேண்டும், கட்டண விவரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். நோய், திருட்டு, ஏமாற்று ஆகியவற்றிலிருந்து முன்பின் அறியாத ஊரில் இறங்கிய மனிதரைக் காப்பதே விடுதிச் சட்டத்தின் உயிர் என்பதை அந்தக் கிளை வெட்டும் விதி எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் அச்சட்டத்துக்குத் தெரிந்த சராயில், அதை நடத்துபவர் அங்கேயே இருந்தார். அவரும் இல்லாத, எல்லாம் கைபேசியிலேயே முடிந்துவிடும் ஒரு தங்குமிடத்தை அது கற்பனை செய்திருக்க வழியில்லை.

இன்றைய இந்தியாவில் நாள் வாடகை வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் விதி, சுற்றுலாத் துறையின் வகைப்படுத்தும் திட்டங்களில்தான் கிடைக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில், ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, பன்னிரண்டு படுக்கைகளுக்கு மிகாமல் விடும் வீட்டைக் கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துப் பதிவுசெய்துகொள்ளலாம். வீட்டுக்காரரோ அவர் குடும்பத்தாரோ அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை நிபந்தனை. கேரளம் இதையொட்டி டைமண்ட், கோல்டு, சில்வர் என்று மூன்று தரங்களை வைத்திருக்கிறது. கோவாவோ சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டத்தை 1982லேயே இயற்றி, பதிவைக் கட்டாயமாக்கி, பதியாமல் நடத்துவதைத் தண்டனைக்குரியதாக்கியது. தரம் பிரிப்பது ஓர் ஊக்குவிப்பு. பதிவுக் கட்டாயம் ஓர் ஒழுங்குமுறை. இந்திய மாநிலங்கள் பெரும்பாலும் முன்னதையே செய்துவிட்டுப் பின்னதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன என்பதே இத்துறையின் முதன்மையான குறை. விரும்பி வந்து பதிவோர் ஒழுங்காக நடத்துவோராகவே இருப்பர். எவரைக் கட்டுப்படுத்த விதி தேவைப்படுகிறதோ அவர் விண்ணப்பமே போடுவதில்லை.

பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் தப்ப முடியாத கடமைகள் சில உண்டு. வெளிநாட்டவர் ஒருவரைக் கட்டணத்துக்குத் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பது, சி படிவம் என்ற பெயரில் நெடுங்காலமாக இருந்து வரும் விதி; 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தை நீக்கி 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் தங்குமிடம் தருவோர்மீது இந்தக் கடமையைத் தொடர்ந்து சுமத்துகிறது. ஓட்டலுக்கு இது அன்றாட வேலை. மாடி அறையை விடும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, இப்படியொரு கடமை இருப்பதே தெரிந்திராமல் இருக்கலாம். தெரியாமை சட்டத்தின் முன் விலக்காகாது.

உள்நாட்டுப் பயணிக்கு வைக்கப்படுவது ஒரு நீள நோட்டு: பெயர், ஊர், கைபேசி எண், வண்டி எண், வந்த நேரம், போன நேரம். ஆதார் அட்டையின் நகல் அந்த நோட்டின் பக்கங்களுக்கு நடுவே செருகப்படும், அல்லது வாட்ஸ்அப்பில் படமாக வாங்கிக்கொள்ளப்படும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தகவல்களுக்கே பொருந்துவதால், நோட்டில் செருகிய காகிதம் அதன் எல்லைக்கு வெளியேயும், அதே அட்டையின் கைபேசிப் படம் உள்ளேயும் இருக்கும் விந்தை நேர்கிறது. முன்பின் அறியாத ஒருவர் கைபேசியில் ஒரு குடும்பத்தின் அடையாள அட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது எளிதாகக் கடந்துவிடக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை.

வரியில் நிலைமை ஓரளவு தெளிவானது. குடும்பம் வசிப்பதற்காக மாத வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. தங்குமிட சேவைக்கு உண்டு. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை கட்டணம் உள்ள அறைக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல், உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை இல்லாமல், 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட கட்டணத்துக்கு 18 விழுக்காடு. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் வரிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இணையத் தளம் வழியாக முன்பதிவு நடந்தால், மத்தியச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 9(5)ஆம் பிரிவின்கீழ், அந்தத் தளமே சேவையை வழங்கியதுபோலக் கருதப்பட்டு வரியைச் செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

மின் கட்டணமும் கட்டட அனுமதியும் வேறு கதை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு ஒரு முறை முதல் 100 யூனிட் இலவசம். விடுதிக்கு வணிகக் கட்டணம். ஆண்டு முழுவதும் பயணிகளுக்கே விடப்படும் ஒரு கட்டடம் வீட்டு இணைப்பிலேயே தொடர்ந்தால், குடும்பங்களுக்கென்று அரசு ஏற்றுக்கொண்ட சுமை ஒரு வணிகத்துக்குப் போய்ச் சேர்கிறது. குடியிருப்பு என்று வரைபட அனுமதி வாங்கி விடுதியாகப் பயன்படுத்துவது பயன்பாட்டு மாற்றம். அதற்குத் தனி அனுமதி தேவை. படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழி, கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவு எல்லாம் ஐந்து பேர் வாழும் வீட்டைக் கணக்கிட்டு அமைந்தவை; வாரக் கடைசியில் இருபது பேர் தங்கும்போது அந்தக் கணக்கு உடைகிறது.

மலைகளில் அந்த உடைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. வண்டியை எண்ணிய நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. ஆனால் அந்த வண்டிகளில் வருவோர் எத்தனை படுக்கைகளில், எந்தெந்தக் கட்டடங்களில் தங்குகிறார்கள் என்ற கணக்கு இல்லாமல் வண்டியை மட்டும் எண்ணுவது, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாளியை அளப்பது போன்றது.

கணக்கில் வராத தங்குமிடம் என்ன செய்யக்கூடும் என்பதை முதுமலையை ஒட்டிய சீகூர் பகுதி காட்டியது. அங்கே யானை வழித்தடத்தை அறிவித்த அரசின் நடவடிக்கை சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2018இல், வழித்தடத்தில் அமைந்த தங்கும் விடுதிகளுக்குச் சீல் வைக்க அது ஆணையிட்டிருந்தது. இறுதித் தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, மசினகுடி அருகே தங்குமிடம் ஒன்றின் பக்கம் வந்த காட்டு யானைமீது தீப்பற்றிய பொருள் வீசப்பட்டு, காதருகே எரிந்த காயத்தோடு அலைந்த அந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். உரிமம் என்பது கட்டணம் கட்டி வாங்கும் தாள் என்று எண்ணப்படும் இடத்தில், யார் எங்கே எந்தப் பொறுப்போடு ஆள் தங்கவைக்கிறார்கள் என்று அறியும் உரிமை ஊருக்கு இருக்கிறது என்பதை அந்த உயிரிழப்பு உணர்த்துகிறது.

வெளிநாடுகளின் விதிகளை நான்கு வழிகளாகப் பகுத்துப் பார்க்கலாம். முதலாவது, இரவுகளை எண்ணும் வழி. லண்டனில் 2015ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை திட்ட அனுமதியின்றிக் குறுகிய கால வாடகைக்கு விட இடமளித்தது. பாரிஸில் ஒருவர் தாம் வசிக்கும் முதன்மை வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வரை விடலாம் என்றிருந்தது. 2024 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் நகரங்களுக்கு அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தைக் கொடுக்க, 2025 முதல் பாரிஸ் அதை 90 ஆக்கியது. வசிக்காத வீட்டை விட வேண்டுமானால், பயன்பாட்டு மாற்ற அனுமதியோடு, வேறொரு வணிக இடத்தைக் குடியிருப்பாக மாற்றி ஈடு செய்யவும் வேண்டும். நகரத்திலிருந்து ஒரு வீட்டை எடுப்பவர் இன்னொரு வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற இந்த ஈட்டு முறை, இக்கேள்வியில் உலகம் கண்டுபிடித்த விதிகளிலேயே நேர்த்தியானது. குடியிருப்புப் பற்றாக்குறையைத் தடுக்க இத்தகைய அனுமதி முறை வைத்துக்கொள்வது ஐரோப்பியச் சட்டத்துக்கு உகந்ததே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது, குறைந்தபட்சக் காலம் வைக்கும் வழி. சிங்கப்பூரில் தனியார் வீடுகளைத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. வீட்டு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு இது ஆறு மாதம். 2018இல் இவ்விதியை மீறிய இருவருக்கு ஆளுக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சிறிய நிலப்பரப்பும் வலுவான நிர்வாகமும் உள்ள நகர அரசுக்கு இது இயலும். மூன்றாவது, முற்றாக நிறுத்தும் வழி. பார்சிலோனா நகர மேயர் 2024 ஜூனில், நகரத்திலுள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களும் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படமாட்டா என்று அறிவித்தார். அதற்கு அடிப்படையான கத்தலோனிய ஆணைச்சட்டத்தை ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. மாடி அறையை விட்டுக் காலந்தள்ளும் முதியவரையும், கட்டடம் கட்டடமாக வாங்கிக் குவிக்கும் நிறுவனத்தையும் ஒரே கோலால் அடிக்கும் இத்தகைய தடையை, இந்தியச் சிற்றூர்களின் வாழ்க்கையை அறிந்தவர் பரிந்துரைக்கத் தயங்குவர்.

நான்காவது வழி நியூயார்க்கினுடையது. அங்கே 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு விட வேண்டுமானால் வீட்டுக்காரர் அதே வீட்டில் உடன் தங்கியிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு எந்தத் தளமும் பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது. 2023 செப்டம்பர் முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்படும் இந்த விதியில் ஒரு நுணுக்கம் உண்டு: விருந்தினர் வீட்டின் எல்லாப் பகுதிக்கும் போய்வர இயல வேண்டுமாதலால், உள் அறைக் கதவைப் பூட்டிப் பிரித்து வைக்க அனுமதியில்லை. வீட்டுக்காரர் பெயருக்கு ஓர் அறையை வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பதை ஒரு கதவுப் பூட்டை வைத்தே பிடித்துவிடும் விதி இது. ஜப்பான் இரண்டு வழிகளைக் கலந்தது. 2018 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 180 நாள் என்று வரம்பிட்டு, வீட்டுக்காரர் உடனில்லாத வீட்டுக்குப் பதிவுபெற்ற மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. கியோட்டோ நகரம் குடியிருப்புப் பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரையிலான குளிர்காலத்துக்கு மட்டுமே அனுமதியைச் சுருக்கியது.

வீட்டுக்காரர் உடனிருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கைல் பேரன், எட்வர்ட் குங், டேவிடே புரோசெர்பியோ ஆகிய மூவர் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி விளம்பரங்கள் ஒரு விழுக்காடு கூடினால் வாடகை 0.018 விழுக்காடும் வீட்டு விலை 0.026 விழுக்காடும் உயர்வதாகக் கண்டது. பார்வைக்கு மிகச் சிறிய எண்கள். ஆனால் விளம்பரங்கள் ஆண்டுதோறும் மடங்கு மடங்காகப் பெருகிய காலம் அது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்களின் இன்னொரு முடிவு: சொந்த வீட்டில் தாமே குடியிருப்போர் மிகுந்த பகுதிகளில் இந்த உயர்வு குறைவாக இருந்தது. குடியிருப்பவர் தம் வீட்டின் மிச்ச இடத்தை விடுகிறார். குடியிராதவர் ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கக்கூடிய முழு வீட்டையே விடுகிறார். புதிய வீடு கட்ட நிலமும் அனுமதியும் அரிதான ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில், அரசு மருத்துவமனைச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் தோட்டத் தொழிலாளியின் மணமான மகனும் வாடகை வீடு தேடும்போது, அந்த முழு வீடு சந்தையிலிருந்து மறைந்ததன் கனத்தை உணர்வார்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பு தமிழ் வாசகர் அறிய வேண்டியது. கோலாலம்பூர் மாண்ட் கியாராவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் குறுகிய கால வாடகையைத் தடைசெய்து நிர்வாகக் கழகம் துணைவிதி இயற்ற, வீடுகளை விட்டுவந்தோர் அதை எதிர்த்தனர். குத்தகைக்கு விடும் உரிமையைத் துணைவிதியால் பறிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நாள் வாடகை குத்தகையே அன்று, வெறும் உரிமம்தான் என்று நீதிமன்றம் கண்டு, ஆகவே துணைவிதி செல்லும் என்றது. வீட்டுக்காரருக்குப் பயணியை எளிதில் வெளியேற்ற உதவும் அதே வகைப்பாடு, அண்டை வீட்டாருக்கு அவரையே கட்டுப்படுத்தும் கருவியாகவும் மாறியது. இந்தியச் சொத்துச் சட்டமும் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழிவந்ததே ஆகையால், தமிழ்நாட்டில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டத்தின்கீழ் அமையும் சங்கங்கள் தம் துணைவிதிகளை எழுதும்போது இத்தீர்ப்பின் தர்க்கத்தை மனத்தில் கொள்வது பயன் தரும். நள்ளிரவில் தட்டப்படும் தவறான கதவும், மின்தூக்கியில் தினம் ஒரு புதிய முகமும் குழந்தைகள் வளரும் வளாகத்தில் சிறிய விஷயங்கள் அல்ல.

இந்த விதிகள் எல்லாம் தளங்களின் கதவருகே வந்துதான் வெற்றியோ தோல்வியோ அடைகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில், ஏர்பிஎன்பி நிறுவனத்தைச் சொத்துத் தரகராகக் கொள்ள முடியாது, அது ஒரு தகவல் சேவை மட்டுமே என்று கண்டது. அமெரிக்காவில் அதே ஆண்டு சான்டா மோனிகா நகரம் தொடர்பான வழக்கில், பதிவில்லாத வீட்டுக்கு முன்பதிவு செய்து கொடுப்பதைத் தடுக்கும் நகர விதி செல்லும் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விளம்பரம் வெளியிடுவது வேறு, பணத்தை வாங்கிப் பரிமாற்றம் செய்வது வேறு என்ற பிரிப்பு அதன் அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றி, 2026 மே 20 முதல் பொருந்துமாறு செய்த ஒழுங்குமுறை, பதிவு எண் முறை வைத்திருக்கும் நாடுகளில் தளங்கள் அந்த எண்ணை விளம்பரத்தில் காட்டவும், தங்கிய இரவுகளின் விவரத்தை மாதந்தோறும் அரசுக்கு அனுப்பவும் கட்டாயப்படுத்துகிறது. ஜப்பானில் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்பு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விளம்பரங்கள் ஏர்பிஎன்பி தளத்திலிருந்து நீக்கப்பட்டன. எண் இல்லாமல் விளம்பரம் இல்லை என்ற ஒரே விதி, நூறு சோதனைப் படைகள் செய்ய முடியாததைச் செய்தது.

இந்தியாவில் தளங்கள் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவை, அதாவது பிறர் வெளியிடும் தகவலுக்கு இடைத்தரகர் பொறுப்பாகார் என்ற விலக்கை, சுட்டிக்காட்டலாம். ஆனால் மேலே கண்ட 9(5)ஆம் பிரிவு அதே தளத்தை, வரிக்கு மட்டும், தங்குமிடத்தை வழங்கியவராகவே நடத்துகிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளம் காட்ட வேண்டும் என்கின்றன. வீட்டைத் தெரியும், வருமானத்தைத் தெரியும், வரியையும் செலுத்த முடியும் என்கிற ஒரு நிறுவனத்தை, பதிவு எண் இல்லாத வீட்டுக்கு முன்பதிவு செய்யாதே என்று சொல்வதற்குச் சட்டத்தில் பெரிய தடை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. இல்லாதது மாநிலங்களின் முனைப்பு.

தமிழ்நாடு இத்துறையில் ஒரு சட்டம் இயற்றுமானால், அது இரண்டு தட்டுகளாக அமைவதே பொருத்தம். வீட்டுக்காரர் உடன் குடியிருந்து ஆறு அறைகளுக்குள் விடும் வீட்டுக்கு, ஊராட்சி அல்லது நகராட்சியில் ஒரே படிவம், சிறு கட்டணம், வீட்டு மின் கட்டணமே தொடரும் சலுகை, வெளிநாட்டவர் பதிவுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி ஆகியவை போதும். காரைக்குடியில் பராமரிக்க ஆளின்றிச் சிதையும் செட்டிநாட்டு வீடுகளில் ஒரு பகுதியை இந்த எளிய வழி காக்கவும் கூடும். குடியிராதவர் விடும் வீட்டுக்கு, பயன்பாட்டு மாற்ற அனுமதி, வணிகக் கட்டணம், தீப் பாதுகாப்பு, கழிவுநீர்க் கணக்கு, அருகிலேயே வசிக்கும் பொறுப்பாளர் என்று விடுதிக்குரிய எல்லாமும் வேண்டும். மலைப்பகுதியில் வார்டு வாரியாக அத்தகைய வீடுகளுக்கு உச்ச வரம்பும் வேண்டும். இருவருக்கும் பதிவு எண் முறை ஒன்றே, ஆனால் எண்ணின் முன்னொட்டு வேறாக இருக்கலாம்.

ஜப்பானியச் சட்டம் இதற்கு ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. அங்கே நாள் வாடகை வீட்டின் வாசலில் அரசு வகுத்த வடிவில் ஒரு பலகை தொங்க வேண்டும். வீட்டுக்காரர் உடனிருக்கும் வீட்டுக்கு ஒரு படிவம், இல்லாத வீட்டுக்கு வேறு படிவம். பின்னதில் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கும். கொடைக்கானல் ஏரிக்கு மேலேயுள்ள ஒரு சந்தில் அப்படியொரு பலகை தொங்கினால், இரவு பதினொரு மணிக்குப் பாட்டுச் சத்தம் தாங்காத பக்கத்து வீட்டுக்காரர் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், அதை எடுப்பவர் அதே சந்தில் இருக்கிறாரா, மலைக்குக் கீழே வேறொரு நகரத்தில் இருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கு வெளியே நின்றபடியே படித்துக்கொள்ளலாம்.